ஓட்ஸ் அடைப்பைக் கரைக்காது

போன வாரம் இன்னொருவர் வந்தார். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ராத்திரி போடுகிற கொழுப்பு மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு, காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறார். "அடைப்பைக் கரைச்சிடுமாமே மேடம்?" 70-க்குக் கீழேயாவது இருக்க வேண்டிய எல்.டி.எல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், ரிப்போர்ட்டில் 148.

கரைக்காது. ஓட்ஸ் மட்டுமில்லை, பூண்டும் எலுமிச்சையும்கூடக் கரைக்காது. அடைப்பு என்பது சிங்க் குழாயில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. ரத்தக்குழாயின் சுவருக்கு உள்ளேயே கொழுப்பும் செல்களும் நாரும் சுண்ணாம்பும் சேர்ந்து வருடக்கணக்கில் வளர்ந்த மேடு. ஓட்ஸின் நார்ச்சத்தோ ரத்தத்துக்குள் போவதே இல்லை, குடலோடு சரி. அங்கே பித்த உப்புகளைப் பிடித்து மலத்தோடு அனுப்புகிறது. புதுப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

அந்த வேலை பொய்யில்லை. பீட்டா குளூக்கான் என்ற அந்த நார் தினமும் 3 கிராம் போனால் எல்.டி.எல் சுமார் 5 முதல் 7 சதவீதம் இறங்கும். இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று ஓட்ஸ் பாக்கெட்டில் அச்சடிக்க 1997-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. ஆனால் சாப்பாட்டில் நெய், வெண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைவாக இருந்தால் என்ற நிபந்தனையோடு! அந்தப் பாதி யார் கண்ணிலும் படுவதில்லை. மாத்திரையோ 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

3 கிராம் நாருக்குச் சுமார் 70 கிராம் ஓட்ஸ் வேண்டும். "எவ்வளவு போடுறீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது இரண்டு ஸ்பூன். மீதி டம்ளர் முழுக்கப் பாலும் சர்க்கரையும். அப்புறம் வழக்கம்போல நாலு இட்லி. ஓட்ஸ் இட்லிக்குப் பதிலாகத்தான், இட்லியோடு இல்லை. மசாலா ஓட்ஸ் வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிச் சோடியத்தைப் பாருங்கள், முக்கியமாக பி.பி. உள்ளவர்கள். ஓட்ஸ் பிஸ்கட்டைப் பற்றி என்னிடம் கேட்கவே கேட்காதீர்கள்.

விலை கட்டுப்படவில்லையா, பார்லி வாங்குங்கள். அதே நார்தான். வடித்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் பார்லியைக் கொட்டிவிடாதீர்கள், அவ்வளவே. சர்க்கரை நோயாளிகள் இன்ஸ்டன்ட்டை விட்டுவிட்டுத் அவல் போலத் தடிமனாக இருக்கும் ரோல்டு ஓட்ஸுக்கு மாறலாம். எதுவானாலும் அளவை மெதுவாகக் கூட்டுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பும்.

மாத்திரையால் தசை வலிக்கிறது என்றால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். யாரிடமும் சொல்லாமல் நிறுத்த மட்டும் வேண்டாம், தயவுசெய்து.