ஆராய்ச்சிக்குக் கையெழுத்து கேட்டால்: எத்திக்ஸ் கமிட்டி என்ன பார்க்கிறது?

சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டோடு நிற்கும்போது, "ஒரு ஸ்டடி நடக்குது, சேர்றீங்களாம்மா?" என்று கேட்கலாம். எண்ணூரில் வீட்டுக்கே வந்து, நுரையீரல் பரிசோதனைக்குக் குழாயில் ஊதச் சொல்லலாம். அதற்கு முன்பே அந்த ஆய்வுக்கு நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டி, ஒப்புதல் தந்திருக்க வேண்டும். புது மருந்துச் சோதனைக்கு 2019ஆம் ஆண்டு விதிகள். மற்ற மருத்துவ ஆய்வுகளுக்கு ஐசிஎம்ஆரின், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின், 2017 வழிகாட்டுதல்கள்.

மருந்துச் சோதனை விதிப்படி குழுவில் குறைந்தது 7 பேர். குறைந்தது பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராத வெளியாட்கள், தலைவரும் வெளியாள்தான். ஒரு பெண், சட்டம் தெரிந்தவர், மருத்துவம் படிக்காத பொதுஜனம் ஒருவர் கட்டாயம்.

அந்தப் பொதுஜனம் ஒப்புக்கு உட்காரும் ஆள் என்று நினைக்க வேண்டாம். ஆய்வில் சேர்பவர் கையெழுத்துப் போடும் தமிழ் ஒப்புதல் படிவத்தின் ஓட்டைகளைப் பிடிப்பது பல நேரம் அவர்தான். "பங்கேற்பாளர் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவார்" என்று இருக்கும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அக்காவுக்கு இது விளங்குமா? "புது மருந்தா பழைய மருந்தா என்பது குலுக்கலில் முடிவாகும், டாக்டர் கையில் இல்லை" என்று எழுதினால் விளங்கும். அடுத்த இழுபறி பணம். காலையில் ரத்தம் கொடுக்க வந்தால் அன்றைய கூலி போச்சு. பஸ் செலவு மட்டும் போதுமா என்று குழு கேட்கும். தொகை அதிகமானாலும் விடாது. காசுக்காக நோயை மறைத்துச் சேர்ந்தால் ஆபத்து அவருக்குத்தான்.

படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வில் சம்பந்தமில்லாத சாட்சி முன்னால் முழுவதும் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும். அவசரத்தில் ஆய்வுக் குழுவின் நர்ஸையே சாட்சியாக்குவது செல்லாது. ரத்தம் எடுத்த பிறகு போட்ட கையெழுத்தும் அப்படியே. ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல்படி, பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் கையெழுத்தோடு 7 வயதுக்கு மேல் வாய்ச் சம்மதம், 12க்கு மேல் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

படிவத்தின் நகல் உங்களுக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக ஆஸ்பத்திரி உங்கள் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

மருந்துச் சோதனையில் சேர்ந்தபின் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும் அளவுக்கு ஏதாவது ஆனால், எந்த ஆஸ்பத்திரி என்றாலும் ஆய்வு டாக்டருக்கு உடனே சொல்லுங்கள். அவர் 24 மணி நேரத்துக்குள் குழுவுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். பாதிப்பு சோதனையால் வந்ததல்ல என்று உறுதியாகும்வரை சிகிச்சை இலவசம். சோதனையால்தான் என்றால் இழப்பீடு தனி. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவருக்கும், தர வேண்டிய வழக்கமான சிகிச்சை தரப்படாமல் பாதிப்பு வந்தால் உண்டு.

குழுவின் தொடர்பு எண் படிவத்திலேயே இருக்கும். போன் எடுக்காவிட்டால் குழுவின் உறுப்பினர் செயலருக்கு எழுதிக் கொடுத்து, தபால் பிரிவில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.