மொரான்: போர்வீரனா, விடலையா?

சிவப்புப் போர்வையும் ஈட்டியுமாக நிற்கும் மாசாய் இளைஞனின் படம் வந்தால், கீழே 'மாசாய் போர்வீரன்' என்று எழுதிவிடுகிறோம். கென்யாவிலும் தான்சானியாவிலும் வாழும் அந்த மக்கள் அவனைச் சொல்லும் சொல் மொரான். அதைப் போர்வீரன் என்று தமிழாக்குவது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மாசாய்கள் பேசும் மொழியின் பெயர் மா. அதில் ஆண்பாற் சொல்லுக்கு முன்னால் ஒருமையில் 'ஒல்', பன்மையில் 'இல்' ஒட்டும். ஒருவன் என்றால் ஒல்முர்ரானி, பலர் என்றால் இல்முர்ரான். முன்னொட்டு உதிர்ந்துபோய் வெளியார் வாயில் மொரான் ஆகிவிட்டது. சுன்னத்துச் சடங்குக்கு மா மொழியில் எமுரத்தா என்று பெயர். மொரானுக்கும் அதையே வேராகக் காட்டுவார்கள். அப்படிப் பார்த்தால் சுன்னத்து முடிந்த இளைஞன் என்பதே அடிப்படைப் பொருள். ஈட்டி பிறகு வந்து சேர்ந்த பொருள்.

சடங்குக்கு முன் அவன் ஒலாயோனி, அதாவது சிறுவன். கத்தி படும்போது இமைகூட அசையக் கூடாது. முகம் சுளித்தால் குடும்பத்துக்கே தலைகுனிவு. தாண்டிவிட்டால் மொரான். மாடுகளையும் ஊரையும் காப்பது அவன் பொறுப்பு. ஒருகாலத்தில் சிங்க வேட்டையும் இருந்தது; இப்போது சிங்கங்களைக் காக்கும் வேலையில் பல மொரான்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விதி: மொரான் தனியாகப் பால் குடிக்கக் கூடாது. எவ்வளவு பசித்தாலும் சரி, கூட்டாளி ஒருவன் பக்கத்தில் வந்த பிறகுதான் சுரைக்குடுவையை எடுக்க வேண்டும். தன் வயதுக் குழுவோடு சேர்ந்தே வாழக் கற்கும் பருவம் அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மறவர்' என்றால் ஓசைகூடப் பொருந்துகிறதே என்று தோன்றும். அது வெறும் தற்செயல். மா நைல் கரைக் குடும்பத்து மொழி, தமிழோடு உறவில்லை. அதோடு மறவர் என்றால் போரும் ஒரு சாதிப் பெயரும்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் 'விடலை' என்பேன். பாட்டு வகைகளின் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் ஆணின் பருவங்களைப் பிரிக்கும்போது பதினாறு வயது எல்லை காளைக்கு, அதைத் தாண்டி முப்பது வரை விடலை, அப்புறம் முதுமகன் என்கின்றன. மொரானின் காலமும் ஏறக்குறைய அதுதான். அவனுக்கு அடுத்த நிலையான ஒல்பயானுக்கு முதுமகன் அழகாகப் பொருந்துகிறது. விடலைக்கு வீரன் என்ற பொருளும் உண்டு என்பதால் ஈட்டியும் விட்டுப்போகவில்லை. இன்றைய பேச்சில் விடலைப் பையன் என்றால் விளையாட்டுத்தனம் தொனிக்கும், உண்மைதான். அதனால் முதல் தடவை 'மொரான் (விடலை)' என்று எழுதிவிட்டு, பிறகு மொரான் என்றே தொடரலாம்.

சடங்குப் பெயர்களை மட்டும் மாற்ற வேண்டாம். சுன்னத்துக்கு முந்தைய எங்கிபாட்டா, மொரானை முதுமகனாகும் வழியில் ஒரு படி ஏற்றும் எவுனோட்டோ, மொரான் பருவத்தை முடித்து முதுமகனாக்கும் ஒல்ஙெஷர் ஆகிய மூன்றையும் 2018இல் யுனெஸ்கோ, உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. எவுனோட்டோவில், செம்மண் பூசிப் பின்னி வளர்த்த மகனின் நீள்முடியைத் தாய் தன் கையாலேயே மழிக்கிறாள். சுன்னத்தின்போது இமை அசைக்காதவர்களில் சிலர் அப்போது அழுதுவிடுகிறார்கள்.