ஹோம் தியேட்டருக்கு ஒரு கலிங்கு

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “சித்திரை மாசம் பேஞ்ச மழையில பக்கத்துத் தோப்புத் தென்னமரத்து மேல இடி விழுந்துச்சுங்க. டிவியில எச்டிஎம்ஐ போயிருச்சு, ஸ்பீக்கருக்கெல்லாம் சத்தம் பிரிச்சுக் கொடுக்குற ஏவி ரிசீவரும் போயிருச்சு. எல்லாத்தையும் ஸ்பைக் பஸ்டர்லதானுங்க சொருகி வெச்சிருந்தேன். அதுல லைட் இன்னும் எரியுது. அப்புறம் எப்படிங்க போச்சு?”

கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் கொங்கு நாட்டில் இந்தக் கதை வீட்டுக்கு வீடு உண்டு. பதில் சொல்ல அந்த ஸ்பைக் பஸ்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே நாலைந்து சாக்கெட், ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ். இவற்றோடு பேஸ் கம்பிக்கும் நியூட்ரல் கம்பிக்கும் குறுக்கே, நாணயம் அளவில் ஒரு வில்லை பற்றவைத்திருக்கும். அதன் பெயர் வாரிஸ்டர். கடையில் எம்ஓவி என்று கேட்டால் கொடுப்பார்கள். பாதுகாப்பு என்று நாம் காசு கொடுத்து வாங்குவது இந்த வில்லையைத்தான். மற்றதெல்லாம் சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டி.

வில்லை துத்தநாக ஆக்சைடால் ஆனது. வேர்க்குருவுக்குத் தடவும் காலமைன் லோஷனில் இருக்கும் அதே வெள்ளைப் பொடி. அதில் கொஞ்சம் பிஸ்மத் ஆக்சைடு, துளித்துளி கோபால்ட், மாங்கனீசு சேர்த்து அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டால் பீங்கான் போல ஆகிவிடும். நோய்யல் பாசனக் குளங்களில் கலிங்கு இருக்கிறதே, அதன் வேலைதான் இதற்கும்: தண்ணீர் மட்டத்துக்குள் இருக்கும்வரை சும்மா நிற்கும், மட்டம் தாண்டினால் மிகுதியைப் பக்கவாட்டில் வெளியே தள்ளிவிடும்.

ஆனால் இந்தக் கலிங்கு எவ்வளவு கறாரானது என்பதை எண்களில் பார்த்தால்தான் வியப்பு வரும். நம் வீட்டு 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். 275 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு என்று அச்சிட்ட வாரிஸ்டர் வழியே அப்போது கசிவது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். 430 வோல்ட்டில் ஒரு மில்லி ஆம்பியர் ஓடும். 700 வோல்ட்டைத் தொடும்போதோ ஏறக்குறைய 100 ஆம்பியர்! வோல்டேஜ் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, கரன்ட் லட்சம் மடங்கு. பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே செல்லாது. கதவும் சுவிட்சும் இல்லாத வெறும் சுட்ட பொடி இதைச் செய்கிறது, அதுவும் நானோ விநாடிகளில்.

எப்படி? வில்லையை உடைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் அளவுள்ள துத்தநாக ஆக்சைடு மணிகள் நெருக்கி அடுக்கியிருப்பது தெரியும். மணிக்குள்ளே கரன்ட் தாராளமாக ஓடும். வித்தையெல்லாம் மணியும் மணியும் ஒட்டுகிற எல்லையில் நடக்கிறது. சுடும்போது பிஸ்மத் மணிக்குள் நுழைய முடியாமல் இந்த எல்லைகளில் வந்து ஒதுங்குகிறது. அங்கே எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும் பொறிகள் உண்டாகின்றன. சிக்கிய எலக்ட்ரான்களால் எல்லை எதிர்மின்னேற்றம் பெறும். அது இருபக்கமும் உள்ள மற்ற எலக்ட்ரான்களை விரட்ட, எல்லையின் இரு கரையிலும் எலக்ட்ரான் இல்லாத மெல்லிய பட்டை ஒன்று உருவாகிவிடும். கடந்து போக வருகிற எலக்ட்ரானுக்கு அது ஒரு மேடு.

ஓர் எல்லை சுமார் 3 வோல்ட் வரை தாங்கும். அதற்கு மேல் போனால், மேட்டைத் தாண்டிக் குதிக்கும் சில எலக்ட்ரான்கள் அந்தப் பட்டையில் பயங்கர வேகம் பிடித்து அணுக்களில் மோதுகின்றன. மோதிய இடத்தில் எலக்ட்ரான் ஒன்று பிய்ந்து, துளை என்று சொல்கிற நேர்மின்சுமை ஒன்று பிறக்கிறது. அந்தத் துளை எல்லையின் எதிர்மின்னேற்றத்தால் இழுக்கப்பட்டுத் திரும்பி ஓடிவந்து, அங்கே சிக்கியிருக்கும் எலக்ட்ரானை ஈடுகட்டிவிடும். மேடு கொஞ்சம் தாழும். தாழ்ந்ததும் இன்னும் நிறைய எலக்ட்ரான்கள் தாண்டும், இன்னும் நிறைய துளைகள் பிறக்கும், மேடு மேலும் தாழும். தன்னைத் தாண்டி வருகிறவர்களைக் கொண்டே தன்னை இடித்துக்கொள்ளும் தடுப்பு! வோல்டேஜ் இறங்கியவுடன் பொறிகளில் எலக்ட்ரான்கள் மறுபடி நிரம்பி, மேடு பழைய உயரத்துக்கு எழுந்துவிடும்.

ஒவ்வோர் எல்லைக்கும் 3 வோல்ட் என்றால், 430 வோல்ட் வேண்டுமானால் வரிசையாக 140 எல்லைகளுக்கு மேல் வேண்டும். அவ்வளவு மணிகளை அடுக்கினால் 2 மில்லிமீட்டர் பருமன் வரும். வில்லையின் தடிமன் கிட்டத்தட்ட அதுதான். அகலத்தைக் கூட்டினால் அதிக ஆம்பியர் தாங்கும். இவ்வளவுதான் வடிவமைப்பு.

இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனத்தில் வேலை பார்த்த மிச்சியோ மட்சுவோகா, 1960களின் கடைசியில். 1971இல் கட்டுரை வெளிவந்தது. மேலே சொன்ன துளைக் கதை உருப்பெற்றது 1980களில். அதற்குள் வில்லை உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்தது. ரேடியோவும் டிவியும் விற்கிற கம்பெனி, பீங்கான் மணிகளின் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளம் கொடுத்தது. நம் ஊரில் மோட்டாரும் பம்ப்பும் செய்து பேர் வாங்கியவர்களும், ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் அரசும், “இதனால என்ன பிரயோஜனம்?” என்று முதல் கூட்டத்திலேயே கேட்காமல் இருந்தால் தேவலை என்பது என் கருத்து.

சரி, வாசகரின் ரிசீவர் ஏன் போனது? இடி கரன்ட் கம்பி வழியாக மட்டும் வரவில்லை. மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்தோ கம்பத்திலிருந்தோ ஒரு கேபிள் வீட்டுக்குள் வருகிறது. இன்னொரு பக்கம் மின்கம்பி வருகிறது. இரண்டும் டிவியில் சந்தித்து ஒரு பெரிய வளையம் ஆகின்றன. 100 மீட்டர் தள்ளி விழும் மின்னலில், மைக்ரோ விநாடிக்கு 30,000 ஆம்பியர் வேகத்தில் கரன்ட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வளையத்தின் பரப்பு 10 சதுர மீட்டர் என்றால், மாறும் காந்தப்புலம் வளையத்தில் வோல்டேஜைத் தூண்டும் என்ற ஃபாரடே விதிப்படி அதில் தூண்டப்படுவது சுமார் 600 வோல்ட். தென்னந்தோப்பு பக்கத்திலேயே இருந்தால் இன்னும் மோசம். செட்டாப் பாக்ஸ், டிவி, எச்டிஎம்ஐ கேபிள், ரிசீவர் என்று அந்த வோல்டேஜ் வழி தேடும். 5 வோல்ட்டில் வேலை செய்யும் எச்டிஎம்ஐ சில்லு அதை எப்படித் தாங்கும்? வாரிஸ்டர் பேஸையும் நியூட்ரலையும் மட்டுமே காவல் காத்தது. பின்வாசல் அதன் பொறுப்பில் இல்லை.

“எர்த் நல்லா போட்டிருக்கேங்க” என்பார்கள். செம்மண்ணும் சரளையும், தோண்டினால் பாறையுமான நம் பூமியில் எர்த் குழிக்குக் கரியும் உப்பும் போட்டு, பங்குனி சித்திரையில் தண்ணீர் ஊற்றுவது அவசியம்தான். ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்ற அது வேண்டும். ஆனால் இடியின் வேகத்துக்கு அந்தக் கம்பியின் நீளமே தடை. ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஹென்றி தூண்டம், அதாவது கரன்ட் திடீரென மாறுவதை எதிர்க்கும் குணம். மைக்ரோ விநாடிக்கு 1,000 ஆம்பியர் ஏறினால் 10 மீட்டர் எர்த் கம்பியின் இரு முனைக்கும் நடுவே 10,000 வோல்ட். ஆகவே டிவியும் ரிசீவரும் பூமியின் மட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் போதும். அதற்கு மின்கம்பி, கேபிள், நெட் வயர் மூன்றும் ஒரே பாதுகாப்புப் பெட்டிக்குள் நுழைந்து, ஒரே எர்த்தில் கட்டப்பட்டு, அங்கிருந்து சாதனங்களுக்குப் போக வேண்டும். கேபிளுக்கும் இணைப்பு வைத்த பெட்டிகள் கிடைக்கின்றன. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மெயின் போர்டில் ஒரு எஸ்பிடி, அதாவது சர்ஜ் எனப்படும் திடீர் வோல்டேஜ் வெள்ளத்தை வடிக்கும் கருவி, போட்டால், பெரும் பகுதி வாசலிலேயே நின்றுவிடும். டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒலிக்கு மட்டும் இணைப்பு போதும் என்றால் ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் ஓடுவது ஒளி, கரன்ட் இல்லை.

இன்னொரு எதிரி உண்டு. கம்பத்தில் நியூட்ரல் கம்பி கட் ஆவது. அப்போது உங்கள் வீடும் வேறு பேஸில் உள்ள வீடுகளும் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடர் இணைப்பில் மாட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் லோடு குறைவோ அந்தப் பக்கம் 300, 350 என்று ஏறும், மோசமானால் 400. அதே தெருவில் மூன்று பேஸ் தறி மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை என்பதால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மைக்ரோ விநாடி வெள்ளத்துக்காகச் செய்த வாரிஸ்டர், விநாடிக்கு 100 தடவை மட்டம் தாண்டினால் சூடேறிக் கருகிவிடும். இதற்கு வேண்டியது, 270 வோல்ட் வாக்கில் லைனைத் துண்டித்துவிடும் கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசர் அல்லது வோல்டேஜ் ரிலே. வாரிஸ்டருக்கும் கட்-ஆஃபுக்கும் வேறு வேறு வேலை. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

இதற்கிடையே, சாக்கெட்டில் சொருகினால் கரன்ட் பில்லும் குறையும், சர்ஜும் நிற்கும் என்று ஒரு குட்டிப் பெட்டி விற்கிறார்கள். அந்த ரகப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது ஒரு சின்னக் கெப்பாசிட்டரும் பச்சை எல்இடியும். டிவிக்கு மேல் எலுமிச்சம்பழம் கட்டுகிறவரைப் பார்த்துச் சிரிக்கும் படித்தவர்கள் இதை வாங்குகிறார்கள். எலுமிச்சம்பழம் மலிவு, தீப்பிடிக்கவும் பிடிக்காது.

வாசகரின் பெட்டியில் எரியும் விளக்குக்கு வருவோம். பல மாடல்களில் அது கரன்ட் இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். ஒவ்வொரு பெரிய சர்ஜும் சில மணி எல்லைகளை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். கசிவு கூடும், வில்லை சும்மா இருக்கும்போதே சூடாகும். நல்ல பெட்டியில் வில்லையை ஒட்டி ஒரு வெப்ப ஃபியூஸ் இருக்கும். அது அறுந்தால் தனியாக உள்ள ‘பாதுகாப்பு’ விளக்கு அணைந்துவிடும். அந்த இரண்டாவது விளக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது அணைந்தாலோ, பெட்டி தொட்டால் சுட்டாலோ மாற்றிவிடுங்கள்.

நேரடியாக வீட்டின் மேல் விழும் இடிக்கு இதில் எதுவும் ஈடு கொடுக்காது. மேகம் கறுக்கும்போதே பிளக்கையும் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள். இடி இடிக்க ஆரம்பித்த பிறகு டிஷ் கேபிளில் கை வைக்காதீர்கள். அப்போது வளையத்தில் சேருவது நீங்கள். டிவி போனால் போகட்டும்.