சொல் விளக்கம்: வேக் – காற்றுச்சுவடு

காற்றாலைகளுக்கு இடம் பார்ப்பவர்களின் பேச்சில் ‘வேக்’ என்ற சொல் அடிக்கடி வரும். காற்றாலைக்குப் பின்னால் தளர்ந்து கலங்கி நீளும் காற்றுக்குத்தான் அந்தப் பெயர். “இது முன் வரிசையோட வேக்கில் நிக்குது, தள்ளிப் போடணும்” என்பார்கள். தூக்கத்திலிருந்து விழிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே ஒலிதான், ஆனால் வேர் வேறு.

இந்த வேக் கடல் வழியாக வந்தது. பழைய நோர்ஸ் மொழியில் ‘வோக்’ என்றால் உறைந்த நீர்ப்பரப்பில் விழுந்த திறப்பு. பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு படகு போனால் பின்னால் ஒரு பாதை திறந்து கிடக்கும். கப்பலுக்குப் பின்னால் நீளும் கலங்கலுக்கு அந்தப் பெயரே வந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்களின் கருத்து. அப்புறம் நீரோ காற்றோ, ஓட்டத்தை மறிக்கும் எதற்கும் பின்னால் உண்டாகும் கலக்கத்துக்கு அது பொதுப்பெயராகிவிட்டது.

காற்றாலை மின்சாரம் எடுப்பதே காற்றின் வேகத்திலிருந்துதான். எடுத்தபின் காற்று தளர்ந்து, சுழன்று, கலங்கிப் போகிறது. இதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்த நாள் ஒன்று உண்டு. டென்மார்க்கின் மேற்குக் கரைக்கு அப்பால், வடகடலில், 80 காற்றாலைகளோடு ஹார்ன்ஸ் ரெவ் 1 என்ற காற்றாலைப் பண்ணை நிற்கிறது. 2008 பிப்ரவரியில் ஒரு நாள் ஈரக்காற்று அங்கே மூடுபனியாகத் திரண்டது. ஒவ்வொரு காற்றாலைக்குப் பின்னாலும் வெள்ளை வால் நீண்டு, அடுத்த வரிசையின் மேல் போய் விழுந்ததைப் புகைப்படமாகவே எடுத்திருக்கிறார்கள். அங்கே காற்றாலைகளுக்கு இடையே 560 மீட்டர், அதாவது இறக்கை வட்டத்தின் விட்டத்தைப் போல் 7 மடங்கு இடைவெளி. அப்படியும் வால் எட்டிவிட்டது!

எட்டினால் என்ன என்று கேட்கலாம். காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்பதற்கு, ஏற்ப மாறும். நொடிக்கு 10 மீட்டராக வந்த காற்று 9 ஆகக் குறைந்தால், ஆற்றலில் 27 விழுக்காடு போய்விடுகிறது. கலங்கிய காற்றில் இறக்கைகளும் சீக்கிரம் தேய்கின்றன. அதனால்தான் அதிகம் வீசும் திசையில் விட்டத்தைப் போல் 5 முதல் 9 மடங்கும், குறுக்கே 3 முதல் 5 மடங்கும் இடம் விடுவது வழக்கம். இறக்கை வட்டம் 150 மீட்டர் என்றால் 7 மடங்கு ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். ஒரே நிலத்தில் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் மின்சாரம் இரட்டிப்பாகாது. பண்ணையின் அளவை முடிவு செய்யும்போது முதலில் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘காற்றுநிழல்’ எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நிழல் என்றால் வெறும் மறைப்பு, கலக்கம் அதில் இல்லை. ‘காற்றுத்தடம்’ என்றால், வழித்தடம் போல, காற்று வரும் பாதை என்று ஆகிவிடும். என் தேர்வு ‘காற்றுச்சுவடு’. சுவடு என்பது ஒன்று கடந்துபோன பின் தங்குவது, மெல்ல மெல்ல அழிவது. வேக்கும் அப்படியே: சுற்றியுள்ள காற்று கலக்கக் கலக்க வேகம் மீண்டு, தளர்ச்சி மறைகிறது. கடலில் காற்று குறைவாகக் கலப்பதால் சுவடு அழிய நேரமாகும். சில வேளைகளில் பல பத்து கிலோமீட்டர் நீண்டு அடுத்த பண்ணையையே தொடும்.

இந்தச் சொல்லிலிருந்து மற்றவையும் இயல்பாகக் கிளைக்கின்றன. வேக்கினால் குறையும் மின்சாரத்தைக் குறிக்கும் ‘வேக் லாஸ்’ என்பதைச் சுவட்டிழப்பு என்று சொல்லலாம். “மூன்றாம் வரிசை சுவட்டில் நிற்கிறது, சுவட்டிழப்பைக் கணக்கிட்டுத் தள்ளி வையுங்கள்” என்றால், காற்றாலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்காதவருக்கும் புரியும்.