டைட்ரேஷன்: எண்ணெய்க்குத் தரம்பார்த்தல்

எண்ணெய் ஆலை ஆய்வகத்தில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் டைட்ரேஷன். வீரியம் தெரிந்த ஒரு கரைசலை அளந்து விட்டு, மாதிரியில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காணும் முறை அது. 'எஃப்.எஃப்.ஏ. எவ்வளவு வந்திருக்கு?' என்று கேட்டால், 'இன்னும் டைட்ரேட் பண்ணலை' என்று பதில் வரும். எஃப்.எஃப்.ஏ. என்பது 'ஃப்ரீ ஃபேட்டி ஆசிட்' என்பதன் சுருக்கம், எண்ணெயில் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலம். வந்து நிற்கிற சரக்கை எடுப்பதா, விலையில் எவ்வளவு குறைப்பது, சுத்திகரிக்க எவ்வளவு காஸ்டிக் சோடா வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு எண் தீர்மானிக்கிறது. பெரிய ஆலைகளில் இப்போது கையால் சொட்டு விடுவது குறைந்து, ஆட்டோ டைட்ரேட்டர் என்ற கருவி அந்த வேலையைப் பார்க்கிறது. இவற்றையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது என்று யாராவது கேட்டால், பாடநூலில் இருக்கும் 'தரம்பார்த்தல்' என்ற சொல்லைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் பலர் சொல்கிறார்கள். தயங்கவே வேண்டாம். டைட்ரேஷன் என்ற சொல் பிறந்த கதையைப் பார்த்தால், தரம்பார்த்தல் அதன் வேர்ப்பொருளையே தொடுகிறது என்பது தெரியும்.

இந்தச் சொல்லுக்கு மூலம் 'தித்ர்' என்ற பிரெஞ்சுச் சொல். அதற்கும் மூலம் 'டிட்டுலுஸ்' என்ற இலத்தீன் சொல். பெயர்ச்சீட்டு, மேலே எழுதிவைக்கும் வாசகம் என்று பொருள். ஆங்கில டைட்டிலும் அங்கிருந்து வந்ததுதான். பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்குத் தலைப்பு, பட்டம் என்ற பொருள்களோடு இன்னொரு பொருளும் சேர்ந்தது: பொன்னிலும் வெள்ளியிலும் கலப்பில்லாத உலோகம் எவ்வளவு என்பதைச் சொல்லும் அளவு. அதாவது நாம் 'மாற்று' என்கிறோமே, அது. 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்ற வழக்கில் இருக்கும் அதே மாற்று.

பொன்னின் மாற்று வேதியியலுக்குள் வந்த கதையில் முக்கியமானவர் கே-லூசாக். பள்ளியில் வாயு விதிக்காக நாம் படித்த அதே ஆள். 1829-இல் பாரிஸ் நாணயச்சாலையின் தலைமை மதிப்பீட்டாளர் ஆனார். அதுவரை வெள்ளியை உருக்கிப் புடமிட்டு மாற்றுக் கண்டார்கள். அவர் நாணய வெள்ளியை அமிலத்தில் கரைத்து, அதில் உப்புக்கரைசலை அளந்து விட்டார். வெள்ளி வெண்ணிறமாக வீழ்படியும். மேலும் விட்டும் வீழ்படிவு வராவிட்டால் வெள்ளி முழுக்கத் தீர்ந்தது என்று பொருள். அவருடைய உப்புக்கரைசலில் 100 மில்லிலிட்டர் சரியாக 1 கிராம் தூய வெள்ளியை வீழ்த்தும்படி செய்துவைத்திருந்தார். அதனால் எவ்வளவு கரைசல் செலவானது என்று பார்த்தாலே நாணயத்தின் மாற்றுத் தெரிந்துவிடும். கரைசலின் அளவும் உலோகத்தின் மாற்றும் ஒரே எண்ணாகிவிட்ட இடம் அது. 'தித்ர்' என்ற சொல் பொன்னிலிருந்து கரைசலுக்குத் தாவியதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

திரவத்தை அளந்து விட உதவும் பியூரெட், பிப்பெட் என்ற கருவிகளின் பெயர்களையும் வேதியியலுக்குக் கொண்டுவந்தவர் கே-லூசாக்தான், 1824-இல். சிறு கூஜா, சிறு குழாய் என்பதற்கு மேல் அந்தச் சொற்களில் ஒன்றுமில்லை. இலங்கைப் பாடநூல்கள் அவற்றை அளவி, குழாயி என்று அழகாக எழுதுகின்றன. 1855-இல் ஜெர்மானியரான ஃபிரீட்ரிஷ் மோர் இந்த முறைகளைத் தொகுத்துப் பெரிய பாடநூலாக எழுதிய பிறகு, டைட்ரேஷன் ஐரோப்பிய ஆய்வகங்களின் அன்றாட வேலையாக நிலைத்தது.

இனி கொழுப்பு அமிலம். அந்தச் சொல்லும் பிரான்சிலிருந்து வந்ததுதான். செவ்ரல் என்பவர் 1811 முதல் 1823 வரை கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்து, கொழுப்பு என்பது கிளிசரினும் அமிலங்களும் பிணைந்த பொருள் என்று காட்டினார். ஸ்டியரிக், ஒலெயிக் முதலான அமிலங்களைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தவர் அவர். செவ்ரலும் கே-லூசாக்கும் சேர்ந்து 1825-இல் கொழுப்பு அமிலத்தில் மெழுகுவர்த்தி செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். எஃப்.எஃப்.ஏ. டைட்ரேஷன் என்ற தொடரின் இரு பாதிகளுக்கும் உரியவர்கள் ஒரே காப்புரிமையில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

சரி, எஃப்.எஃப்.ஏ. என்றால் என்ன? நல்ல எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் கிளிசரினோடு பிணைந்தே இருக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். ஆனால் அது பிணைந்திருக்கும்வரை அமிலமாக நடந்துகொள்ளாது. ஈரமும் லைபேஸ் என்ற நொதியும் சேர்ந்தால் பிணைப்பு அறுந்து அமிலம் தனியே வரும். சரியாகக் காயாத கொப்பரையில் பூஞ்சை பிடித்தால் இதுதான் நடக்கிறது. தவிட்டில் இன்னும் மோசம்: அரிசியைத் தீட்டும்போதே நொதியும் எண்ணெயும் கலந்துவிடுவதால், சூடேற்றி நொதியை அடக்காத தவிட்டில் சில மணி நேரத்திலேயே அமிலம் ஏறத் தொடங்கும். இப்படிப் பிரிந்துவந்த அமிலம்தான் எஃப்.எஃப்.ஏ. அது கூடினால் எண்ணெய் சீக்கிரம் புகையும். தேங்காய் எண்ணெயில் சோப்பு போன்ற சுவை தட்டும்.

இதற்குத் தமிழில் 'இலவச கொழுப்பு அமிலம்' என்று எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இது திருத்தப்பட்டே ஆகவேண்டிய பிழை. இங்கே காசைப் பற்றிய பேச்சே இல்லை. 'கட்டற்ற கொழுப்பு அமிலம்' பரவாயில்லை, பிணைப்பில் இல்லை என்ற பொருள் அதில் வருகிறது. ஆனால் கட்டுப்பாடு இல்லாதது என்றும் காதில் விழுகிறது. என் தேர்வு 'தனித்த கொழுப்பு அமிலம்'. எண்ணெய் வியாபாரியிடம் சொன்னாலும் விளங்கும்.

எண்ணெய் 'சிக்கு வாடை' அடிக்கிறது என்பதையும் தனித்த அமிலத்தையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். சிக்கு வாடைக்குப் பெரும்பாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் காரணம். அதற்குப் பெராக்சைடு எண் என்ற வேறு சோதனை இருக்கிறது. அதேபோல, எந்தெந்தக் கொழுப்பு அமிலம் எத்தனை சதவீதம் என்ற கலவையை அறியத் தரம்பார்த்தல் உதவாது. அது வாயு வண்ணப்பிரிகை (கேஸ் குரோமட்டோகிராஃபி) என்ற வேறு முறையின் வேலை.

கையால் செய்யும் முறை எளிது. 10 கிராம் கடலை எண்ணெயை ஆல்கஹாலில் கலந்து, காரம் மிஞ்சினால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலின் என்ற நிறங்காட்டியை இரண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் வீரியமுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் கலையாமல் நின்றால் முடிவுநிலை. 3.5 மில்லிலிட்டர் செலவானது என்று வைத்துக்கொள்வோம். 3.5-ஐ 0.1-ஆலும் 28.2-ஆலும் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 0.99 சதவீதம். அந்த 28.2 எங்கிருந்து வந்தது? ஒலெயிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 282. மில்லிலிட்டர் கணக்குக்காக 1000-ஆல் வகுத்து, சதவீதத்துக்காக 100-ஆல் பெருக்கினால் 28.2. தேங்காய் எண்ணெய் என்றால் லாரிக் அமிலத்தின் 200-ஐக் கொண்டு கணக்கிடுவார்கள், அதே 3.5 மில்லிலிட்டருக்கு 0.70 சதவீதம்தான் வரும். எந்த அமிலமாகக் கணக்கிட்டது என்று எழுதாத எஃப்.எஃப்.ஏ. எண்ணை நம்பி விலை பேசக் கூடாது. இந்தக் குழப்பம் இல்லாதது அமில மதிப்பு. 1 கிராம் எண்ணெய்க்கு எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்பதே அது. மேலே சொன்ன இரண்டு எண்ணெய்க்கும் 1.96 என்றே வரும். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரவிதியில் சுத்திகரித்த எண்ணெய்க்கு 0.6, வெர்ஜின் எண்ணெய்க்கு 4.0 என்பவை இந்த அமில மதிப்பின் உச்சவரம்புகள்.

கையால் பார்ப்பதில் சிக்கல் நிறத்தில் வருகிறது. சுத்திகரிக்காத தவிட்டெண்ணெய் கரும்பழுப்பாக இருக்கும். அதில் இளஞ்சிவப்பு எப்போது வந்தது என்று இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விடை. தானியங்கிக் கருவி நிறத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடி மின்முனை ஒன்று கரைசலில் நின்று மில்லிவோல்ட்டை அளக்கிறது. மோட்டார் தள்ளும் பியூரெட் கொஞ்சம் காரம் விட்டு, அளவு நிலைக்கக் காத்திருந்து, அடுத்ததை விடுகிறது. தொடக்கத்தில் பெரிய அளவாக, அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகும் சமான நிலை நெருங்க நெருங்க மிகச் சிறிய அளவாக. திரையில் கோடு கிட்டத்தட்டப் படுத்தபடி போய், ஓரிடத்தில் செங்குத்தாக எகிறும். எகிறலின் உச்சச் சரிவு எங்கே என்று கணக்கிட்டு அதையே விடையாக எடுத்துக்கொள்கிறது. வட்டத்தட்டில் வரிசையாகக் குவளைகளை வைத்துவிட்டால் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போகும்.

ஆனாலும் ஆள் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. எண்ணெய்க் கரைசலில் நீர் அநேகமாக இல்லை என்பதால் மின்முனையின் கண்ணாடி உலர்ந்து, அளவு தடுமாறும். ஒவ்வொரு மாதிரிக்கும் பிறகு கரைப்பானால் எண்ணெயைக் கழுவி, சற்று நேரம் நீரில் நிறுத்தி எடுக்க வேண்டும். மின்முனைக்குள் வழக்கமான பொட்டாசியம் குளோரைடுக்குப் பதிலாக எத்தனாலில் கரைத்த லித்தியம் குளோரைடு ஊற்றுவதும் இதற்காகத்தான். இன்னொன்று: பிசின் நீக்கச் சேர்த்த பாஸ்பாரிக் அமிலம் எண்ணெயில் மீந்திருந்தால், கருவி அதையும் கொழுப்பு அமிலமாக எண்ணிவிடும். மின்முனை தரும் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு வெப்பமானியைக் கொண்டு செய்யும் முறையும் உண்டு. பாராஃபார்மால்டிஹைடைக் கலந்துவைப்பார்கள், அமிலம் தீர்ந்து காரம் மிஞ்சிய கணத்தில் அது வெப்பத்தை இழுத்துக்கொண்டு சிதையும், வெப்பநிலை சட்டென்று இறங்கும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'தரம்பார்த்தல்' என்றும், இலங்கைப் பாடநூல்கள் 'நியமிப்பு' என்றும் எழுதுகின்றன. நியமிப்பு அங்கே நியமக் கரைசல் என்ற சொல்லோடு ஒட்டி நிற்பதால் அந்த வழக்குக்குள் ஒழுங்காகப் பொருந்துகிறது. இங்கே நியமனம் என்றால் வேலைக்கு ஆள் எடுப்பது என்றாகிவிட்டதால் பொருந்தாது. தரம் என்பதோ பொன்னுக்கும் நெல்லுக்கும் நிலத்துக்கும் சொல்லி வந்த சொல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'தண்டவாணி' என்று ஓர் ஒப்பீட்டுப் பொன் பேசப்படுகிறது. உரைகல்லில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த ஊசிக்கு 'உரையாணி' என்று பெயர். தரம் தெரிந்த ஒன்றைக் கொண்டு தெரியாததன் தரத்தைக் காண்பது என்ற கருத்து தமிழில் இத்தனை ஆழமாக இருக்கும்போது, தரம்பார்த்தலை ஒட்டுப்போட்ட மொழிபெயர்ப்பு என்று யாரும் தள்ள முடியாது. கருவிக்குத் 'தானியங்கித் தரம்பார்ப்பி' என்பது என் பரிந்துரை.

கருவியின் திரையில் 'டைட்டர்' என்று ஒரு சொல்லும் வரும், பக்கத்தில் 0.9985 போன்ற ஓர் எண்ணோடு. 0.1 நார்மல் என்று புட்டியில் எழுதிய கரைசல் உண்மையில் அதில் எத்தனை பங்கு வீரியத்தோடு இருக்கிறது என்பதை அது சொல்கிறது. காரக்கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு வீரியம் குறையும் என்பதால் அடிக்கடி சரிபார்க்க வேண்டிய எண் அது. இதற்கு 'கரைசல் மாற்று' என்று வைத்தால் வரலாற்றுக்கு மிகப் பொருத்தம். ஆனால் இன்று மாற்று என்றதும் 'பதிலாக வேறொன்று' என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆகவே 'தரக்காரணி' போதும்.

சோப்புத் தொழிலில் இருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய வாங்கல் சீட்டிலும் 'டைட்டர்' என்று இருக்கும். பொருள் முற்றிலும் வேறு. கொழுப்பிலிருந்து பிரித்த அமிலங்கள் எந்த வெப்பநிலையில் உறைகின்றன என்பது அது. தேங்காய் எண்ணெய்க்கு 20 முதல் 24 டிகிரி செல்சியஸ், மாட்டுக் கொழுப்புக்கு 40-க்கு மேல். சோப்புக் கட்டி எவ்வளவு கெட்டியாக வரும் என்பதை அதை வைத்துத்தான் கணிக்கிறார்கள். தமிழில் எழுதும்போது அதைக் 'கொழுப்பு அமில உறைநிலை' என்று எழுதிவிட்டால், ஒரே அறிக்கையில் இரண்டு டைட்டர் வந்து மோதிக்கொள்ளாது.