ஹீட்டர் காட்டும் குறியை அழிப்பதற்கு முன்

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை குளியலறை ஹீட்டரைப் பற்றியவையாகவே இருக்கும். மாஞ்சோலை, நாலுமுக்கு போன்ற மலைப்பகுதிகளை விட்டால் திருநெல்வேலிச் சீமையில் அறையைச் சூடாக்கும் கருவிக்கு வேலையில்லை. ஆனால் வயதானவர்களுக்கும், பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும் விடியற்காலையில் வென்னி இல்லாமல் முடியாது. முன்பெல்லாம் ஹீட்டரில் இருந்தது ஒரே ஒரு சிவப்பு விளக்கு. இப்போது வருபவற்றில் எண் காட்டும் திரை இருக்கிறது. ஏதேனும் அளவு தவறினால் வெப்பநிலைக்குப் பதிலாக ‘ஈ1’, ‘ஈ3’ என்று ஒரு குறி மின்னிக்கொண்டு நிற்கிறது.

அந்தக் குறியைக் கண்டதும் பெரும்பாலான வீடுகளில் செய்வது ஒன்றுதான்: சுவிட்சை அணைத்து மறுபடி போடுவது. குறி மறைந்துவிடும், தண்ணீரும் கொஞ்ச நேரம் சுடும், மறுநாள் அதே குறி திரும்ப வரும். எந்த இடத்தில் அளவு தவறியது என்பதைத்தான் அந்தக் குறி சொல்லும். ஏன் தவறியது என்பதை அது சொல்லாது. கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல், குறியின் பொருள் மாறும் என்பதால், பக்கத்து வீட்டு ஹீட்டருக்குச் சொன்ன விளக்கத்தை உங்கள் வீட்டு ஹீட்டருக்குப் பொருத்திப் பார்க்காமல், கூட வந்த கையேட்டையோ பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளையோ பார்ப்பதே சரி. வழக்கமாக அது சூட்டை அளக்கும் சென்சார் அறுந்திருப்பது, சூடு வரம்பை மீறியிருப்பது, தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான காயில் தண்ணீர் இல்லாமல் காய்வது, மின்கசிவு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும்.

சென்ற ஆண்டு வள்ளியூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்கு அழைத்திருந்தார்கள். 25 லிட்டர், 2000 வாட் ஹீட்டர்; வாங்கி நான்கு வருடம். சூடு வரம்பு மீறியதைக் குறிக்கும் குறி பல வாரங்களாக வந்துகொண்டிருந்தது. முதலில் வந்தவர் சென்சாரை மாற்றினார். அது போதாமல் இன்னொருவர் ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் போர்டையே மாற்றினார். மூன்றாம் நாள் அதே குறி. வீட்டிலிருந்த ஆச்சியிடம், “தண்ணி எப்படி ஆச்சி வருது?” என்று கேட்டேன். “வெதுவெதுன்னுதான் தம்பி வருது. நல்லா சுடுகதுக்கு முன்னாலயே நின்னுருது” என்றார்கள். போர்டு சூடு மீறிவிட்டது என்கிறது, தண்ணீரோ வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. இந்த முரண்பாட்டைக் கேட்ட பிறகு பழுதைத் தேட வேண்டிய இடம் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது.

கணக்கும் அதையே சொன்னது. 28 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் காயிலுக்கு ஏறத்தாழ 28 நிமிடம் வேண்டும். இந்த ஹீட்டரோ பத்தாவது நிமிடத்திலேயே நின்றது. அந்த நேரத்தில் தண்ணீர் 40 டிகிரியைத்தான் எட்டியிருக்க முடியும். மின்பெட்டியில் ஹீட்டருக்கான எம்சிபி சுவிட்சை இறக்கி, டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தண்ணீரை வடித்து, அடித்தட்டின் நட்டுகளைக் கழற்றினேன். தட்டோடு சேர்ந்து சுண்ணாம்புக் கட்டிகள் சரிந்து பக்கெட்டில் விழுந்தன. காயிலைச் சுற்றி விரல் பருமனுக்கு உப்பு ஏறியிருந்தது. அருகில், சென்சார் செருகியிருக்கும் மெல்லிய செம்புக்குழாயும் காயிலும் ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தன. காயிலின் சூடு தண்ணீருக்குப் போக வழியின்றி அந்தக் கட்டிக்குள்ளேயே தங்கிவிட, சென்சார் கட்டியின் சூட்டைப் படித்துப் போர்டுக்குச் சொல்லியிருக்கிறது. தொட்டி அரிக்காமலிருக்கத் தானே கரைந்து தீரும் மெக்னீசியத் தண்டில் நடுக்கம்பி மட்டுமே மிஞ்சியிருந்தது.

கழற்றிப் போட்டிருந்த பழைய சென்சாரை அந்த வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்தார். மல்டிமீட்டரில் வைத்து வெந்நீர் டம்ளருக்குள் அதை இறக்கினால் மின்தடையைக் காட்டும் ஓம் அளவு சீராகக் குறைந்தது, வெளியே எடுத்தால் மெல்ல ஏறியது. நல்ல சென்சார் அப்படித்தான் நடந்துகொள்ளும். பழுதில்லாத சென்சாருக்கும் பழுதில்லாத போர்டுக்கும் அந்தக் குடும்பம் பணம் கொடுத்திருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடுகளில் இவ்வளவு உப்பு ஏறி நான் பார்த்ததில்லை. வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீரை அப்படியே தொட்டிக்கு ஏற்றும் வீடுகளில்தான் இது அதிகம். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்கத்தக்க கடினத்தன்மையாக லிட்டருக்கு 200 மில்லிகிராமையும், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் உச்ச வரம்பாக 600 மில்லிகிராமையும் வைத்திருக்கிறது. கடினத் தண்ணீரைச் சூடாக்கச் சூடாக்க அதில் கரைந்திருக்கும் கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிந்து, மிகவும் சூடான பரப்பில், அதாவது காயிலின் மேலேயே, முதலில் படிகிறது. 70, 75 டிகிரி என்று வைத்து ஓட்டுவோர் வீட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். குளிப்பதற்கு 50, 55 டிகிரி தாராளம்.

உப்புக்கு அடுத்தபடியாக நான் அடிக்கடி காண்பது பிளக்கிலும் சாக்கெட்டிலும் உள்ள பழுது. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். இதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் தகுந்த கனமுள்ள ஒயரும் வேண்டும். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில் ஹீட்டர் ஓடாதபோது சாக்கெட்டில் 231 வோல்ட் இருந்தது, ஓடத் தொடங்கியதும் 180 ஆகச் சரிந்தது. பிளக்கை உருவிப் பார்த்தால் பித்தளை முனை ஒன்று கருத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தது. 180 வோல்ட்டில் அந்தக் காயிலின் திறன் 1225 வாட்டாகக் குறைந்துவிடும்; மீதி மின்னழுத்தம் அந்தத் தளர்ந்த இணைப்பில் சூடாக எரிந்துகொண்டிருந்தது. ஓடாத நேரத்தில் மட்டும் வோல்ட் பார்த்துவிட்டு ‘கரண்ட் சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லிப் போகும் எவரையும் நம்ப வேண்டாம்.

மின்கசிவைக் காட்டும் குறி வந்தாலோ ஆர்சிசிபி விழுந்தாலோ அதைத் தள்ளிப்போடவே கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் அந்தச் சாதனத்தின் வேலை. ‘அடிக்கடி விழுகிறது’ என்று அதையே கழற்றிவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கொடியது, எர்த் ஒயர் இல்லாத சாக்கெட்டில் மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயரான நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் முனைக்குக் கொடுத்துவிடுவது. எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் அறுந்தால், ஹீட்டரின் உடலிலும் அதோடு சேர்ந்த இரும்புக் குழாயிலும் 230 வோல்ட் நிற்கும். அதற்குக் கீழே ஈரத் தரையில் ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சுவருக்குள் ஈரம் புகுந்த பல வீடுகளில் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருந்தது. அதைக் குறை சொன்னவர்களிடம், அது விழுவதால்தான் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

காயில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. 2000 வாட் காயிலின் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய 26 ஓம் வர வேண்டும். ஆனால் அந்த அளவு சரியாக இருந்தாலும் உறையில் கீறல் விட்டிருக்கலாம் என்பதால், முனைக்கும் உடலுக்கும் இடையே மின்கசிவுத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்காமல் நான் மூடுவதில்லை. ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் காயிலை மாற்றச் சொல்லிவிடுவேன்.

வீட்டிலிருப்பவர்கள் செய்யக்கூடாதவை இரண்டு. ஒன்று, சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்று அதன் இரு ஒயரையும் நேராக முறுக்கிச் சேர்க்கும்படி யாரிடமும் சொல்வது. மற்றொன்று, பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று பசை வைத்து அடைப்பது. தண்ணீர் சூடாகும்போது விரிவதால் அந்த வால்வில் கொஞ்சம் சொட்டுவது இயல்பு. இரண்டையும் சேர்த்து அடைத்துவிட்டால் சூட்டுக்கும் எல்லை இராது, அழுத்தத்துக்கும் போக்கிடம் இராது. அந்த நிலையில் தொட்டி வெடித்தால் குளியலறைச் சுவரே நிற்காது.

குறி வந்தால் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது, அப்போது தண்ணீர் சுட்டதா வெதுவெதுப்பாக இருந்ததா, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருந்ததா என்று எழுதி வையுங்கள். ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மறுபடியும் வந்தால் எம்சிபியை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மின்கசிவுக் குறியாகவோ கருகல் வாடையாகவோ இருந்தால் அந்த ஒருமுறைகூட வேண்டாம்.

வள்ளியூர் ஆச்சி வீட்டு ஹீட்டரைச் சுரண்டி, எலுமிச்சை உப்புக் கரைசலில் காயிலை ஊறவைத்துக் கழுவி, புது கேஸ்கெட்டும் புதுத் தண்டும் போட்டு மூட மதியம் ஆகிவிட்டது. தொட்டி நிறைந்து குழாயில் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைப் போட்டோம். அரை மணிக்குள் திரையில் 60 வந்து நின்றது. போர் தண்ணீர் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று சொன்னதற்கு, “நான் மறந்துருவேன் தம்பி, அதுலயே எழுதிப் போட்டுரு” என்றார்கள். பெட்டியின் பக்கவாட்டில் அன்றைய தேதியையும் அடுத்த ஐப்பசியையும் மார்க்கரால் எழுதிவிட்டு வந்தேன்.