சார்ட்டில் எண் வடிவ மாற்றம்: பிழைச் செய்தி இல்லாமலே தொகை மாறிவிடும் இடங்கள்

மெயின்ஃபிரேம் எனும் பெருங்கணினியின் கோப்பில் உள்ள எண் புலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றத் தனியாகக் கோபோல் நிரல் எழுத வேண்டியதில்லை. ஐபிஎம்மின் வரிசைப்படுத்தும் மென்பொருளான டிஎஃப்சார்ட்டில் (சுருக்கமாக சார்ட்), வெளியீட்டுப் பதிவை வடிவமைக்கும் அவுட்ரெக் பில்ட் கூற்றில் ஒரு வரி எழுதினாலே போதும். அந்த வசதியை நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் புலம் எங்கே தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம், எந்த வடிவம் என்று நாம் சொல்வதை சார்ட் அப்படியே நம்புகிறது என்பதையும், நாம் தவறாகச் சொன்னால் ரிட்டர்ன் கோடு பூஜ்யத்துடனேயே (வேலை பிழையின்றி முடிந்தது என்ற அறிவிப்புடனேயே) தவறான தொகையைக் கோப்பில் எழுதிவிடக்கூடும் என்பதையும் இதைப் புதிதாகக் கையாள்வோர் அறிந்திருக்க வேண்டும்.

எளிதான உதாரணம் பைனரி புலம். குறியுள்ள நான்கு பைட் புலத்தில் எதிர் 1 என்பது எல்லா பிட்டுகளும் 1 ஆக இருக்கும் நிலை. அதை எஃப்ஐ (குறியுள்ள பைனரி) என்று குறிப்பிடாமல் பிஐ (குறியற்ற பைனரி) என்று குறிப்பிட்டால், அதே பைட்டுகள் 4294967295 என்று வெளிவரும். இவ்வளவு பெரிய எண் யார் கண்ணிலும் பட்டுவிடும். கண்ணில் படாதவையே அதிக ஆபத்தானவை.

பேக்டு டெசிமல் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடக்கும் வடிவம்) புலத்தை மாற்றாமலே கோப்பை மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கிலிருந்து மற்ற கணினிகளின் ஆஸ்கிக்கு மாற்றி அனுப்பும் வழக்கம் அத்தகையது. நேர் 12345 என்ற தொகை நான்கு பைட் பேக்டு புலத்தில், பதினறும எண்முறையில், 00 12 34 5சி என்று இருக்கும். கடைசி அரை பைட்டில் உள்ள சி நேர்க்குறியைக் காட்டுகிறது. அனுப்பும் மென்பொருள் இவை எழுத்துகள் என்றே கருதுவதால், 5சி அதன் பார்வையில் நட்சத்திரக் குறி. அதை ஆஸ்கியின் 2ஏ ஆக மாற்றுகிறது. எப்சிடிக்கின் 037 குறியீட்டுப் பக்கத்திலிருந்து, ஆஸ்கியை உள்ளடக்கிய 8859-1க்கு மாற்றும்போது 34 என்ற பைட்டும் 94 ஆகிவிடும். விளைவு 00 12 94 2ஏ. ஏ என்பதும் ஏற்கத்தக்க நேர்க்குறிதான் என்பதால், இதைப் பேக்டு என்று படிக்கும் நிரல் 12942 என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். எஸ்0சி7 (செல்லாத எண் தரவுப் பிழை) போன்ற நிறுத்தம் ஏற்பட்டிருந்தால் அதுவே நமக்கு உதவியாக இருந்திருக்கும்.

ஆகவே கோப்பு மெயின்ஃபிரேமை விட்டு வெளியேறும் முன்பே எல்லா எண்களையும் படிக்கத்தக்க எழுத்துகளாக மாற்றிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இங்கே சோண்டு டெசிமலுக்கு (ஒரு பைட்டுக்கு ஓர் இலக்கம் உள்ள வடிவம்) மாற்றினால் மட்டும் போதாது. எதிர் 123 மூன்று பைட் சோண்டு புலத்தில் 12எல் என்றே தெரியும், ஏனெனில் குறி கடைசி இலக்கத்தின் பைட்டிலேயே பதிந்திருக்கிறது. எடிட் வடிவத்துடன் (எண் எழுதப்படும் அமைப்பு) சைன்ஸ் (குறி எழுத்துகள்) சேர்த்து, குறியைத் தனி எழுத்தாகவும் தசமப் புள்ளியைத் தெளிவாகவும் எழுத வேண்டும். தசமப் புள்ளி தரவில் எங்கும் இல்லை. அது பதிவின் புலங்களை வரையறுக்கும் கோபோல் காப்பிபுக்கில், புள்ளியின் இடத்தைக் குறிக்கும் வி எழுத்தில் மட்டுமே இருக்கிறது. எனவே காப்பிபுக்கைத் திறந்து பார்க்காமல் எடிட் எழுதுவதை நான் ஏற்பதில்லை.

வெளியிலிருந்து வரும் எழுத்து வடிவ எண்களை உள்ளே கொண்டுவரும்போது எஸ்எஃப்எஃப் (குறியுள்ள கட்டற்ற வடிவம்) மிகவும் வசதியானது. இலக்கங்களையும் எதிர்க்குறியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். அப்படி விடப்படுவதில் தசமப் புள்ளியும் அடங்கும். அதனால் ஒரு பதிவில் 12.5 என்றும் மற்றொன்றில் 12.50 என்றும் இருந்தால், ஒரே தொகை 125 ஆகவும் 1250 ஆகவும் உள்ளே வரும். யுஎஃப்எஃப் (குறியற்ற கட்டற்ற வடிவம்) எதிர்க்குறியையும் விட்டுவிடும் என்பதால் வரவும் செலவும் கலந்த கோப்பில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

வெளியீட்டுப் புலத்தின் நீளத்தைச் சொல்லும் லெங்த் அளவிலும் கவனம் தேவை. ஏழு இலக்கத் தொகையான 1234567ஐ ஐந்து பைட் சோண்டு புலத்துக்கு மாற்றச் சொன்னால் இடப்பக்கம் வெட்டப்பட்டு 34567 மிஞ்சும். சோதனைக் கோப்பில் சிறிய தொகைகளே இருந்தால் இது வெளிப்படாது. புலம் தாங்கக்கூடிய மிகப்பெரிய எண், எதிர் எண், பூஜ்யம், வெற்றிடம் ஆகிய நான்கும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மாற்றத்துக்கு முன் டிஎஃப்சார்ட்டின் துணைக் கருவியான ஐஸ்டூலின் வெரிஃபை மூலம் பேக்டு, சோண்டு புலங்களில் செல்லாத இலக்கங்கள் உள்ளனவா என்று பார்த்துவிடலாம். செல்லுபடியாகும் வடிவத்தில் இருக்கும் தவறான எண்ணை அது பிடிக்காது. அதற்கு உள்ளீட்டுக் கோப்பின் கூட்டுத்தொகையையும் வெளியீட்டுக் கோப்பின் கூட்டுத்தொகையையும் அதே ஜாபில் தனித்தனியாக எடுத்து ஒப்பிட வேண்டும், பொருந்தாவிட்டால் அனுப்பும் ஸ்டெப் ஓடாதபடி ஜாபை இயக்கும் கட்டளை மொழியான ஜேசிஎல்லில் நிபந்தனை வைக்க வேண்டும்.